பிரிவு 17-இல் இருந்து பிரிவு 114 வரை

கல்விக் கடன் கேட்டுப் போன அன்று வங்கி மேலாளர் என் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே, "பட்டா இருக்காம்மா?" என்றுதான் கேட்டார். நல்ல மனிதர், டீ வரவழைத்து உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினார். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக அடமானம் வேண்டும், வெளிநாட்டுப் படிப்பு அதற்குள் அடங்காது, வீடு எங்கே இருக்கிறது என்றார். கொளப்பள்ளி, டான்டீ லயன், அதாவது அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடு என்றேன். அதற்கு மேல் அவருக்குக் கேட்க எதுவும் இல்லை, எனக்கும் சொல்ல எதுவும் இல்லை.

இந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர் போன் செய்துவிட்டார்கள். பந்தலூரில் இருந்து ஒரு பிள்ளை, கூடலூரில் இருந்து இரண்டு பேர், கோத்தகிரியில் இருந்து ஒரு தம்பி. வெளிநாட்டில் பொது நிர்வாகம் முதுகலை படிப்பது எப்படி, எவ்வளவு செலவாகும், படித்தால் வேலை கிடைக்குமா, நம்மைப் போன்றவர்களால் முடியுமா என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் அவசரமாகச் சொல்வது பாதிதான் போய்ச் சேருகிறது, அதனால் இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நான் படித்தது எம்.பி.ஏ. தமிழில் எழுதினால் வணிகப் படிப்பும் இதுவும் ஒரே எழுத்துதான், அதனால் ஊரில் பாதிப் பேர் நான் ஏதோ கம்பெனி நிர்வாகம் படித்து வந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் இருப்பது 'பப்ளிக்', பொது நிர்வாகம். மீதிப் பாதிப் பேர் அதை ஐ.ஏ.எஸ். தேர்வின் விருப்பப் பாடமாக மட்டுமே அறிந்தவர்கள், "கலெக்டர் ஆகத்தானே படிக்கிறே?" என்பார்கள். இல்லை. அரசு எப்படி முடிவெடுக்கிறது, எடுத்த முடிவு தாள் மேலிருந்து நம் வாசல் வரை வருவதற்குள் என்ன ஆகிறது, பணம் எங்கே நிற்கிறது, யார் கேட்டால் மாறும் என்பதைப் படிப்பது இது. எம்.பி.பி. என்ற பொதுக் கொள்கைப் படிப்பு இதற்கு அக்கா தங்கை மாதிரி. அதில் பொருளாதாரமும் புள்ளியியலும் அதிகம் இருக்கும், எங்களுடையதில் நிர்வாகமும் உள்ளாட்சியும் அதிகம். ஆனால் பெயரை மட்டும் நம்பி விண்ணப்பிக்க வேண்டாம், ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒவ்வொரு மாதிரி வைத்திருக்கிறார்கள், பாடத்திட்டத்தை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். சிங்கப்பூரின் லீ குவான் யூ பள்ளியிலும் பெர்லினின் ஹெர்டி பள்ளியிலும் எம்.பி.பி. இரண்டு வருடம், ஆக்ஸ்போர்டின் பிளவட்னிக் பள்ளியில் ஒரே வருடம். நான் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படித்தேன்.

இந்தப் படிப்பு எனக்கு ஏன் என்று சொல்ல வேண்டுமானால் தாத்தாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இருந்த தமிழர்கள் 9,75,000 பேர் என்று ஒரு கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏழு பேர் கப்பலேறினால் அங்கே நான்கு பேருக்குக் குடியுரிமை என்று விகிதம்கூடப் போட்டிருந்தார்கள். மிச்சம் வைத்த ஒன்றரை லட்சத்தைப் பத்து வருடம் கழித்து 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களின் சார்பில் அதில் கையெழுத்துப் போட்டவர் ஒருவரும் இல்லை. என் தாத்தா அந்த 5,25,000-இல் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்தார். இப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் அரசு 1968-இல் தேயிலைத் திட்டம் தொடங்கியது, 1976-இல் அது டான்டீ என்ற கழகமானது. எங்கள் வீட்டில் இன்றும் காலையில் தேங்காய் ரொட்டியும் சம்பலும்தான், ஊரில் எங்களை இன்றும் சிலோன்காரங்க என்றுதான் சொல்கிறார்கள். தோட்ட வீடு வேலை இருக்கும் வரைக்கும்தான், பட்டா என்ற பேச்சுக்கே இடமில்லை.

என் பள்ளித் தோழி ஒருத்தியின் வீடு தோட்ட வீடு இல்லை, ஆனால் அவளுக்கும் பட்டா இல்லை. அவர்கள் இருந்தது பிரிவு 17 நிலம். கூடலூர் பக்கம் இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், வெளியூர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். நிலம்பூர் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்தின் ஜென்ம நிலமாக, அதாவது பரம்பரை உரிமை நிலமாக இருந்த சுமார் 80,000 ஏக்கரை எடுத்து முறைப்படுத்த 1969-இல் ஒரு சட்டம் வந்தது, கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம். அதில் 17-ஆம் பிரிவு குத்தகைத் தோட்டங்கள் பற்றியது. அந்தப் பிரிவுக்குள் சிக்கிய நிலம் வழக்கு மேல் வழக்காகப் போய், அம்பது வருடம் கழித்தும் பட்டா நிலமும் இல்லை, முழுக்கக் காடும் இல்லை என்று நிற்கிறது. அதன் மேல் வீடு கட்டி மூன்று தலைமுறையாக இருப்பவர்களில் பலருக்கு மின் இணைப்புகூடக் கிடைக்கவில்லை. அவள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மண்ணெண்ணெய் விளக்கில் படித்தாள், எங்கள் லயனில் பல்பு எரிந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஓடைதான். எனக்குப் பதினைந்து வயதில் வந்த கேள்வி இது: இதை யார் முடிவு செய்தார்கள்?

கல்லூரி முடித்ததும் இரண்டு வருடத்துக்கு மேல் ஓர் இ-சேவை மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். ஒரு நாள் வயதான ஒருவர் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தார், தாயகம் திரும்பியவர்களுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த குடும்ப அட்டை. இந்த நாட்டில் அவருக்கு முதலில் கிடைத்த ஆவணமே அதுதான். ஆனால் திரையில் இருந்த பட்டியலில் அப்படி ஓர் ஆவணமே இல்லை. வேறு எதையாவது தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகவும் முடியாது. 'பிற' என்று போட்டுப் பதிவேற்றினேன், திரும்பி வந்தது, மறுபடி ஒரு விளக்கக் கடிதம் எழுதி வைத்து அனுப்பினேன், மூன்றாவது முறை நின்றது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை மறக்க முடியாது. இந்தப் பட்டியலை எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து யாரோ எழுதியிருக்கிறார்கள், அந்த அறையில் கொளப்பள்ளியை அறிந்தவர் ஒருவரும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சரி, பணத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஒரு வருட முதுகலைக்கு வெளிநாட்டு மாணவர்களிடம் பெரும்பாலும் இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் வாங்குகிறார்கள், தங்கும் செலவு தனி. அடமானம் இல்லாத வீட்டுக்கு ஒரே வழி முழு உதவித்தொகைதான். நான் எழுதியது செவனிங், பிரிட்டிஷ் அரசு கொடுப்பது. கல்விக் கட்டணம், மாதச் செலவு, விமானச் சீட்டு எல்லாம் அதில் அடங்கும். இளங்கலைப் பட்டம் வேண்டும், 2,800 மணி நேரம் வேலை செய்த அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பி இரண்டு வருடமாவது இருக்க வேண்டும். மூன்று படிப்புகளைத் தேர்ந்தெடுத்து நான்கு கட்டுரைகள் எழுத வேண்டும். பெரிய கம்பெனியில் செய்த வேலைதான் கணக்கில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள், என் 2,800 மணி நேரமும் இ-சேவை மையத்தில் செய்ததுதான்.

முதல் முறை எனக்குக் கிடைக்கவில்லை. தலைமைப் பண்பு, சமூக மாற்றம் என்று கேட்டுப் பழகிய சொற்களை அடுக்கியிருந்தேன், அதில் நான் எங்கேயும் இல்லை. இரண்டாவது முறை அந்தக் குடும்ப அட்டைப் பெரியவரைப் பற்றி எழுதினேன், பட்டியலில் ஓர் ஆவணம் இல்லாததால் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று என் நோட்டில் குறித்து வைத்திருந்ததை எழுதினேன். நேர்காணலில் முக்கால்வாசி நேரம் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். ஆங்கிலத்துக்குப் பல்கலைக்கழகம் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 6.5 கேட்டது, கோவை போய் எழுதினேன், நம் பக்கத்தில் இருந்து போகிறவர்கள் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள், மழைக்காலத்தில் மலைப்பாதையை நம்பக் கூடாது. செவனிங் தவிர, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது, மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையும் இருக்கிறது. நம் லயன்களில் தகுதி உள்ள பிள்ளைகள் நிறைய, விண்ணப்பிக்கிறவர்கள்தான் குறைவு. அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

2023 செப்டம்பர் கடைசியில் பர்மிங்காம் போய் இறங்கினேன். நான் போவதற்குச் சில வாரம் முன்னால், செப்டம்பர் 5 அன்று, அந்த நகரத்தின் கவுன்சில், நம் மாநகராட்சி மாதிரி, பிரிவு 114 அறிவிப்புக் கொடுத்திருந்தது. 1988-ஆம் வருட உள்ளாட்சி நிதிச் சட்டத்தில் வரும் பிரிவு அது. வரவைவிடச் செலவு மீறிவிட்டது, சட்டப்படி கட்டாயமான சேவைகளைத் தவிர புதிதாக ஒரு பைசா செலவு செய்ய முடியாது என்று நிதி அதிகாரி எழுதிக் கொடுப்பது. சுருக்கமாகச் சொன்னால் திவால் மாதிரி. பதினோரு லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம், ஐரோப்பாவிலேயே பெரிய உள்ளாட்சிகளில் ஒன்று. வாழ்நாள் முழுக்க ஒரு பிரிவு எண்ணுக்கு அடியில் வாழ்கிற ஊரிலிருந்து போனவள் நான், அங்கேயும் எல்லார் வாயிலும் ஒரு பிரிவு எண்ணாக இருந்தது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இதில் காரணம்தான் முக்கியம். கவுன்சிலில் துப்புரவு, சமையல், முதியோர் பராமரிப்பு வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குப்பை அள்ளுவது, சவக்குழி வெட்டுவது மாதிரி ஆண்கள் அதிகம் இருந்த வேலைகளுக்கு ஊக்கத்தொகை என்று சேர்த்துக் கொடுத்தார்கள், அதே தரத்தில் வேலை பார்த்த பெண்களுக்கு அது போகவில்லை. பெண்கள் வழக்குப் போட்டார்கள், 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகும் பாக்கி வளர்ந்துகொண்டே போனது. 2023-இல் கவுன்சிலே போட்ட மதிப்பீடு 65 கோடியில் இருந்து 76 கோடி பவுண்டு. கூடவே ஒரு கணினி மென்பொருள் மாற்றம் பல மடங்கு செலவை இழுத்துவிட்டது, மேலிருந்து வரும் நிதியும் வருடக்கணக்காகக் குறைந்திருந்தது. ஆனால் பத்திரிகைகளில் சம ஊதியம்தான் நகரத்தை மூழ்கடித்தது என்பது மாதிரித் தலைப்புகள் வந்தன. நான் ஒப்புக்கொள்ளவில்லை, வகுப்பிலும் எழுந்து சொன்னேன். நியாயமான கூலியைக் கேட்டவர்கள் மேல் பழி போடக் கூடாது, கொடுக்காமல் வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டவர்கள் எடுத்த முடிவு அது. என் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். எனக்கு அது புத்தக விஷயம் இல்லை.

இந்த நகரம் ஒரு காலத்தில் உள்ளாட்சிக்கே முன்மாதிரி. 1873-இல் மேயரான ஜோசப் சேம்பர்லேன் தனியாரிடம் இருந்த எரிவாயு, குடிநீர் நிறுவனங்களை விலைக்கு வாங்கி ஊருக்குச் சொந்தமாக்கினார். பல்கலைக்கழகத்தின் நடுவில் நிற்கும் மணிக்கூண்டுக்கே அவர் பெயர்தான். தினமும் அந்தக் கூண்டைத் தாண்டி வகுப்புக்குப் போவோம், வகுப்பில் அதே நகரத்தின் கணக்கு ஏன் கவிழ்ந்தது என்று பேசுவோம். 2023 அக்டோபரில் கவுன்சிலைக் கண்காணிக்க லண்டனில் இருந்து ஆணையர்களை அனுப்பினார்கள், 2024 மார்ச்சில் இரண்டு வருடத்தில் 30 கோடி பவுண்டு வெட்டும் பட்ஜெட்டும் வரி உயர்வும் நிறைவேறின. ஆணையர் என்றால் என்ன என்று கூடப் படித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டது, எனக்குத் தேவைப்படவில்லை. 2016 முதல் 2019 வரை உள்ளாட்சித் தேர்தல் இல்லாமல் நம் ஊராட்சிகள் தனி அலுவலர் கையில் இருந்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கிறதே.

படிப்பில் என்னை மாற்றியவை என்று மூன்றைச் சொல்வேன். மைக்கேல் லிப்ஸ்கி என்பவர் 1980-இல் எழுதிய ஒரு கருத்து: கொள்கையைக் கடைசியில் உருவாக்குவது அமைச்சரோ செயலாளரோ இல்லை, மக்களை நேருக்கு நேர் பார்க்கிற போலீஸ்காரரும் ஆசிரியரும் அலுவலக எழுத்தரும்தான். நேரம் கொஞ்சம், கூட்டம் அதிகம், யாரை முதலில் கூப்பிடுவது, யாரை நாளை வா என்பது என்று அவர்கள் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகள்தான் மக்களைப் பொறுத்தவரை அரசு. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 'பிற' என்று அமுக்கிய என் விரலும் அரசுதான். பொறுமை இல்லாத நாட்களில் நானும் சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இரண்டாவது, ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் வரைந்த ஏணி. மக்கள் பங்கேற்பு என்று சொல்வதில் எட்டுப் படிகள் என்றார். அடியில் சும்மா தலையாட்ட வைப்பது, நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, உச்சியில் முடிவே மக்கள் கையில் இருப்பது. நம் கிராம சபைகளை அந்த ஏணியில் எங்கே வைப்பது என்று ஒரு கட்டுரை எழுதினேன். 1964 ஒப்பந்தத்தை அதன் கீழ்ப் படியில்கூட வைக்க முடியவில்லை.

மூன்றாவது பெரிய தத்துவம் எதுவும் இல்லை, திருத்தம். என் முதல் கட்டுரையில் "முடிவு செய்யப்பட்டது", "நிலம் ஒதுக்கப்பட்டது", "மக்கள் குடியமர்த்தப்பட்டனர்" என்றே எழுதியிருந்தேன், ஆங்கிலத்திலும் அதே வாடைதான் அடித்தது. திருத்திக் கொடுத்தவர் ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: யாரால்? பதினொரு இடத்தில். நம் அரசாணைத் தமிழ் முழுக்க 'ப்பட்டது'தான். ஆணையிடப்படுகிறது, நிராகரிக்கப்படுகிறது, பரிசீலிக்கப்படும். செய்தவர் கண்ணில் படவே மாட்டார். ஒவ்வொரு 'ப்பட்டது'க்குப் பின்னாலும் ஒரு மேசை, ஒரு பெயர், ஒரு தேதி இருக்கிறது, அதைத் தேடிப் பிடித்தால்தான் மனுவை எங்கே கொடுப்பது என்றே தெரியும். அந்த ஒரு வருடத்தில் நான் கற்றதில் தினமும் கைகொடுப்பது இதுதான்.

அப்புறம் ஒரு வகுப்பு. நீதிமன்றங்கள் கொள்கை வகுக்கலாமா என்பது தலைப்பு. வாசிக்கக் கொடுத்ததில் கோதவர்மன் வழக்கு இருந்தது. பெயரைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூடலூர் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடுக்கச் சொல்லி நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் போட்ட மனு அது. 1996 டிசம்பர் 12 அன்று நீதிபதிகள் ஜே.எஸ்.வர்மா, பி.என்.கிர்பால் கொடுத்த உத்தரவில், நிலம் யாருடையதாக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடு என்றால் அது காடுதான் என்றார்கள், அன்றிலிருந்து இந்தியா முழுக்கக் காட்டின் பொருளே மாறிவிட்டது. மற்றவர்கள் காட்டைக் காப்பாற்றிய தீர்ப்பு என்று பாராட்டினார்கள். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை, அந்த உத்தரவு இல்லாவிட்டால் நம் மலையில் இன்றைக்கு எவ்வளவு மரம் மிஞ்சியிருக்குமோ. ஆனால் அதே கூடலூரில் ஓடைக்கு அந்தப் பக்கம் விளக்கில்லாத ஒரு வீடு இருப்பதையும் சொன்னேன். யானைக்கும் வழி வேண்டும், அந்த வீட்டுக்கும் வெளிச்சம் வேண்டும், இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துப் பார்க்கிற அலுவலகம் எது என்று கேட்டேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது, பிறகு அதையே என் ஆய்வுக் கட்டுரைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஆய்வுக் கட்டுரைக்கு மொத்த 180 கிரெடிட்டில் 60. முடிவாகாத நிலத்தோடு தினமும் வேலை பார்க்கிற கீழ்மட்ட ஊழியர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது என் தலைப்பு. யாரிடம் பேசுவதற்கு முன்னாலும் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை ஒப்புதல் வாங்க வேண்டும், எதற்காகக் கேட்கிறோம், பெயர் வெளிவராது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று எழுதிக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு, எங்கள் லயனுக்கு வந்த கணக்கெடுப்புகளில் ஒன்றிலாவது இப்படி யாராவது எங்களிடம் சொன்னார்களா என்று யோசித்தேன். தமிழில் அந்தத் தாளை எழுதித் தயாரிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது, அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டி, அம்மாவுக்குப் புரியாத வரியை எல்லாம் மாற்றினேன்.

குளிரைப் பற்றிக் கேட்கிறார்கள். நீலகிரிக்காரர்களுக்குக் குளிர் ஒன்றும் இல்லை, நவம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுவதுதான் கஷ்டம். வாசிப்பு வாரத்துக்கு இருநூறு முந்நூறு பக்கம் வரும், முதல் இரண்டு மாதம் அழுகை வரும், டிசம்பருக்குள் பிடிபட்டுவிடும்.

வேலை பற்றி உள்ளதைச் சொல்கிறேன். இந்தப் பட்டம் அரசு வேலைக்கு நேர் வழி இல்லை. ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், அரசுத் துறைகளில் ஒப்பந்த ஆலோசகர் இடங்கள் இருக்கின்றன, தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் மாதிரி வாய்ப்புகளுக்கும் போட்டியிடலாம். நான் திரும்பி வந்து கூடலூரில் ஒரு சின்னக் குழுவோடு வேலை பார்க்கிறேன், சம்பளம் பெரிதில்லை. வீடு வீடாகப் போய் எந்த ஆவணம் இருக்கிறது, எது இல்லை, எந்த மேசையில் நிற்கிறது என்று எழுதுகிறோம், இரண்டே பக்கத்தில் குறிப்பாக்கி அதிகாரிகளிடம் கொடுக்கிறோம். இரண்டு பக்கத்துக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதும் அங்கே கற்றதுதான். போன மாதம் ஒரு குறிப்பைப் படித்துவிட்டு ஓர் அதிகாரி அவரே கூப்பிட்டு, பட்டியலில் அந்தப் பழைய குடும்ப அட்டையைச் சேர்க்க யாருக்கு எழுத வேண்டும் என்று விசாரித்துச் சொன்னார். எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை நினைவூட்டல் அனுப்புகிறேன்.

செவனிங் விண்ணப்பம் பெரும்பாலும் ஆகஸ்டில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடும், தேதியை அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுரைகளை இப்போதே எழுத ஆரம்பியுங்கள், தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, ஆங்கிலத்தில் சேர்ந்து மாற்றிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கொளப்பள்ளியில் வீட்டில்தான் இருப்பேன். முதல் கட்டுரையை எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள், ரொட்டி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து திருத்தலாம்.